ஓட்டை அட்டை சாமிதுரை

சாமிதுரைக்கு இரண்டு விஷயங்களைக் கண்டால் ஆகாது. ஒன்று மூடநம்பிக்கை, மற்றொன்று தரக்குறைவு. முதலாவதை ஒழிப்பதற்காக உடையார்பாளையம் முதல் திருமழபாடி வரை ஊர் ஊராகப் போய், ஐயர் இல்லாத கல்யாணங்களுக்குத் தலைமை தாங்கி, மைக் சூடேறும் வரை வாழ்த்துரை வழங்கினார். இரண்டாவதை ஒழிப்பதற்காக 1983-ஆம் வருடம் ஓர் அட்டையில் நூறு ஓட்டைகள் போட்டார். இரண்டில் எது அதிகச் சேதம் விளைவித்தது என்று கேட்டால் அட்டைதான் என்று சொல்லவேண்டும். கல்யாணப் பேச்சைக் கேட்டவர்கள் பந்தியில் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டார்கள்.

அவர் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த கல்லூரி, அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், கருவேலங்காட்டை வெட்டிக் கட்டியது. தாளாளர் அய்யம்பெருமாளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் பன்னிரண்டு இருந்தன. பதின்மூன்றாவதாக ஒரு கல்லூரியும் இருக்கட்டும் என்று ஆரம்பித்தார். அதில் எம்.ஏ. தமிழ் இலக்கியம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சாமிதுரையின் வகுப்பு என்பது அவருடைய பழைய நோட்டுதான். அவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வாசிப்பவரும் யோசிப்பதில்லை, எழுதுபவர்களும் யோசிப்பதில்லை என்பதால் பாடம் வெகு வேகமாக நடந்தது.

முதல் இரண்டு வருடம் இருபது இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். வந்தவர்களை வாருங்கள் வாருங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த வருடம் அறுபது பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கல் உடைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பி.ஏ. முடித்துவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். கண்டவனெல்லாம் எம்.ஏ. படிக்க வந்துட்டான் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் முனகினார். சாமிதுரை அப்படியெல்லாம் பேசமாட்டார், அவர் முற்போக்கானவர். 'தரம் பாக்கணும்' என்று மட்டும் சொன்னார்.

தரம் பார்ப்பது எப்படி என்பதை அவர் மாசி மாதமே மெட்ராஸில் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அங்கே ஒரு கருத்தரங்கில் டீ குடிக்கும்போது, தன் தம்பி அமெரிக்காவில் இலக்கிய மேல்படிப்பு படிப்பதாகச் சொன்ன ஒருவர் அகப்பட்டார்.

"அங்கல்லாம் சும்மா சேத்துக்க மாட்டாங்க சார். பாடத்துக்குன்னே தனியா ஒரு பரீட்சை. ஆதியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அவங்க இலக்கியம் பூரா இருநூத்துச் சொச்சம் கேள்வியில வந்துடும். எழுதவே வேண்டாம். சரியான வட்டத்தப் பென்சிலால கறுப்பாக்கிட்டுப் போயிக்கிட்டே இருக்கணும். மெஷின் திருத்திடும்."

"மெஷினுக்கு இலக்கியம் தெரியுமா?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"தெரியாததுனாலதான் பாரபட்சம் பாக்காது" என்றார் சாமிதுரை. தன் வாயிலிருந்து இவ்வளவு நல்ல வாக்கியம் வந்ததில் அவருக்கே ஆச்சரியம். ரயிலில் அரியலூர் வந்து சேரும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இனி செங்கமலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். திருமழபாடிப் பெண். அவளுடைய அப்பா செல்லக்கண்ணு தாளாளரின் லாரியில் லோடுமேன், கையெழுத்துப் போடுவதோடு அவர் படிப்பு முடிந்தது. அவர் வகையறாவில் பி.ஏ. முடித்த முதல் ஆள் செங்கமலம்தான், அதுவும் முதல் வகுப்பில். எம்.ஏ. படித்துக் கல்லூரியில் பாடம் எடுக்கவேண்டும் என்பது அவள் ஆசை. செல்லக்கண்ணு ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சீட்டு கிடைத்தால் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் ஆவணியில் அவள் மாமன் மகன் ராசாங்கத்துக்குக் கட்டிக் கொடுத்துவிடுவது. திருச்சிக்கு அனுப்பி ஹாஸ்டலில் விடுகிற பேச்சே கிடையாது. பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற தூரத்தில் எம்.ஏ. இருந்தது இந்த ஒரு கல்லூரியில்தான். ஆக, அவளுக்கு இருந்தது ஒரே கதவு, அந்தக் கதவில் சாமிதுரை நின்றுகொண்டிருந்தார்.

சாமிதுரை கேள்வித்தாளைத் தானே தயாரித்தார். நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. பிள்ளைத்தமிழில் பருவங்கள் எத்தனை? பரணி பாடவேண்டுமானால் போர்க்களத்தில் எத்தனை யானைகள் செத்திருக்கவேண்டும்? உலாவில் வருகிற மடந்தைக்கு வயது எதிலிருந்து எதுவரை? இப்படிப் போயிற்று. யானைகளின் எண்ணிக்கை தெரிந்தவன் இலக்கியம் படிக்கலாம். அத்தனை யானைகளைக் கொன்றதைப் பாட்டாகப் பாடினார்களே, அது எப்படி என்று யோசிக்கிறவனுக்கு அதில் வட்டம் கிடையாது.

விடைத்தாளில் நானூறு வட்டங்கள் வேண்டும். சட்டைப் பித்தானை வைத்து வட்டம் வட்டமாக வரைந்து சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுத்தார். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று பெயர், ஊர் எல்லாம் தாளின் பின்பக்கம் போய்விட்டன. முன்பக்கத்தில் கேள்வி எண்ணும் வட்டங்களும் மட்டும்தான். மேலே எவ்வளவு இடமோ அவ்வளவு கீழே, இடப்பக்கம் எவ்வளவோ அவ்வளவு வலப்பக்கம். அளவுகோலை வைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினார். மெஷினுக்கு எங்கே போவது? அதற்குத்தான் அட்டை. காலண்டர் அட்டை ஒன்றை விடைத்தாள் அளவுக்கு வெட்டி, பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடம் தோலில் ஓட்டை போடுகிற உளியை வாங்கி வந்து, சரியான விடை வருகிற இடத்திலெல்லாம் ஓட்டை போட்டார். அட்டையைத் தாளின்மேல் வைக்கவேண்டியது, ஓட்டைக்குள் கறுப்பாகத் தெரிவதை எண்ணவேண்டியது, அவ்வளவுதான். ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

அவர் மனைவி சிந்தாமணி எட்டிப் பார்த்தாள். "மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டுக்கங்களேன்" என்றாள்.

"ஓட்டை அட்டைக்குப் பிள்ளையார் வந்து என்ன பண்ணப் போறாரு?" என்று சாமிதுரை சிரித்தார். யாராவது பார்த்தால் விடை வெளியே போய்விடும் என்று அட்டையில் ஓர் எண்ணோ எழுத்தோகூட எழுதவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிந்தாமணிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிடுவாள். சைக்கிளுக்கு வைத்திருக்கிறாள், பிரஷர் குக்கருக்கு வைத்திருக்கிறாள், பகுத்தறிவுப் பேச்சுக்களை அவர் பதிவு செய்கிற டேப் ரிக்கார்டருக்கும் வைத்திருக்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தாள். மேஜையின் இந்தப் பக்கமாக நின்று, அட்டையின் தூரத்து ஓரத்தில் பார்த்து ஒரு பொட்டு வைத்தாள். அட்டை அவளுக்குத் தலைகீழாகக் கிடந்தது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? பொட்டு அட்டையின் காலடியில் விழுந்துவிட்டது.

சாமிதுரை வந்து பார்த்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்தார். துடைத்துப் பார்த்தார், அட்டையில் ஏறிய மஞ்சள் போகவில்லை. அப்புறம் கோபம் தணிந்ததும் ஒரு யோசனை வந்தது. எழுத்தில்லாத அட்டையில் எது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் என்று அடையாளம் வேண்டாமா? பொட்டு இருக்கிற இடம்தானே நெற்றி. வாயில் பகுத்தறிவு இருந்ததே ஒழிய, பொட்டு வைத்த இடம் நெற்றியாகத்தான் இருக்கும் என்று கருவிலேயே ஊறிப்போயிருந்தது மனிதருக்கு.

பரீட்சை நடந்தது. வட்டத்தைக் கறுப்பாக்குவது எப்படி என்று சாமிதுரை கரும்பலகையில் அரை மணி நேரம் வரைந்து காட்டினார். அப்படியும் ஒருவன் முதல் கேள்விக்கு நான்கு வட்டத்தையும் கறுப்பாக்கிவிட்டு, இப்ப ஒண்ணாவது சரியா இருக்கும்ல சார் என்றான். தாளாளரின் மச்சினர் மகன் அரியமுத்து கேள்வித்தாளைத் திறந்தே பார்க்கவில்லை. விடைத்தாளில் கோலம் போடுவது மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்படித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டான். செங்கமலம் கடைசி மணி அடிக்கும்வரை குனிந்த தலை நிமிரவில்லை.

சாமிதுரை ஒரே மாலையில் எல்லாத் தாளையும் திருத்தி முடித்தார். பொட்டு மேலே வருகிற மாதிரி அட்டையை வைப்பார், எண்ணுவார், எடுப்பார். அட்டை தலைகீழாக இருந்தும் ஓட்டைகள் ஒவ்வொன்றும் வட்டத்தின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. மேலும் கீழும் ஒரே அளவு இடம் விட அவர் பட்ட பாடு வீண்போகவில்லை. நாற்பதை ஒருவர்கூடத் தொடவில்லை, அதிகபட்ச மார்க்கு முப்பத்தெட்டு. வேறு யாராவது இருந்தால் எங்கேயோ உதைக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். சாமிதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, நாப்பதத் தாண்ட ஒருத்தனால முடியல. இதுதான் தரம்" என்று சிந்தாமணியிடம் சொன்னார்.

முப்பத்தெட்டு மார்க்கு வாங்கி முதலிடம் பெற்றது யார் என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். அரியமுத்து. சாமிதுரை ஒரு கணம் திகைத்துத்தான் போனார். ஆனால் பாரபட்சம் பார்க்காத முறையாயிற்றே, நாம் யார் சந்தேகப்பட என்று தன்னைத் தானே கடிந்துகொண்டு, இருபது பேரின் பெயரை எழுதிக் கல்லூரி வாசலில் ஒட்டச் செய்தார். செங்கமலத்தின் பெயர் அதில் இல்லை. சீட்டு கிடைக்காதவர்கள் எல்லோரும், பென்சிலை இன்னும் அழுத்தியிருக்கவேண்டும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

செங்கமலம் மட்டும் போகவில்லை. மறுநாள் அப்பாவை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் செல்லக்கண்ணு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எந்தாளுல தப்பிருக்காதுப்பா, ஒரு தடவ பாக்கணும்னு ராவெல்லாம் அழுவுது. சாருக்கு இருக்கற வேலைக்கு..."

சாமிதுரைக்கு அந்தப் பணிவு பிடித்திருந்தது. "பாக்கட்டுமே. ஒளிவு மறைவே கிடையாது இங்க" என்று அவளுடைய தாளைத் தேடி எடுத்து மேஜைமேல் போட்டு, பொட்டு மேலே வரும்படி அட்டையை அதன்மேல் வைத்தார். ஓட்டைகளில் பெரும்பாலும் வெள்ளைதான் தெரிந்தது. "எண்ணிக்க. பத்தொம்பது."

செங்கமலம் குனிந்து பார்த்தாள். "சார், முதல் கேள்வி பிள்ளைத்தமிழுக்குப் பருவம் எத்தனைங்கறது. பத்துன்னு போட்டுருக்கேன். மூணாவது வட்டம். இங்க ஓட்டை ரெண்டாவதுல இருக்குதே. ரெண்டாவது எட்டு சார். பிள்ளைத்தமிழுக்குப் பருவம் எட்டா?"

எட்டா! இருபது வருடமாகப் பத்து பத்து என்று நோட்டைப் பார்த்து வாசித்தவராயிற்றே. சாமிதுரை இரண்டாவது கேள்வியைப் பார்த்தார், அங்கேயும் ஓட்டை தப்பான இடத்தில் இருந்தது. கை தானாக அட்டையைத் திருப்பிப் பொட்டைக் கீழே கொண்டுவந்து வைத்தது. ஓட்டைகள் மளமளவென்று கறுத்துப்போயின. வெள்ளையாகத் தெரிந்தவற்றை எண்ணினார். பன்னிரண்டு. அப்படியென்றால் எண்பத்தெட்டு.

"எவ்வளவுங்க சார் வருது?" என்றார் செல்லக்கண்ணு.

சாமிதுரை அந்த ஒரு நொடியில் எத்தனையோ நினைத்தார். வாசலில் ஒட்டிய பெயர்கள், தாளாளரின் முகம், ஊர் முழுக்கத் தான் சொல்லிக்கொண்டு திரிந்த தரம், எல்லாம் வந்து போயின. செங்கமலம் மட்டும் அந்த வரிசையில் வரவில்லை, அவள் எதிரிலேயே நின்றும்.

"அதேதாங்க. பத்தொம்பது" என்றார்.

"திருப்பி வச்சீங்களே சார், அதுல நெறய தெரிஞ்சுதே" என்றாள் அவள்.

"அது சரிபாக்கற முறைம்மா. ரெண்டு பக்கமும் வச்சுப் பாக்கணும். உனக்குப் புரியாது."

"சார்..."

"ஏ, நிறுத்து" என்று செல்லக்கண்ணு அதட்டினார். "இம்மாம் பெரிய படிப்பு படிச்சவரு பொய்யா சொல்லுவாரு? நமக்குன்னு இவ்வளவு நேரம் ஒதுக்கி எடுத்துக் காட்டுனாரே, அதுவே பெருசு." சாமிதுரையைப் பார்த்துக் கும்பிட்டார். "போயிட்டு வரோங்க சார். ஆவணியில கல்யாணத்த வச்சிருவேன். நீங்கதான் வந்து தலைமை தாங்கணும்."

சாமிதுரை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணம் என்று யார் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப் போயிருந்தது.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாத் தாளையும் பொட்டைக் கீழே வைத்துத் திருத்தினார். சேர்த்த இருபது பேரில் நிஜமாகவே இடம் கிடைத்திருக்கவேண்டியவர்கள் நான்கே பேர். அரியமுத்துவுக்கு இருபத்திரண்டு. நேராக வீட்டுக்குப் போய்ச் சிந்தாமணிமேல் பாய்ந்தார்.

"ஒன் பொட்டால வந்த வினைடி! எல்லாம் தலைகீழா ஆயிப்போச்சு."

சிந்தாமணி விஷயத்தை முழுக்கக் கேட்டாள். "பொட்டு வச்சது நானு. திருத்துனது யாரு?" என்றாள். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிட்டு, அந்தப் புள்ளையக் கூப்புட்டு ஒக்கார வைங்க. வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னவாம்?"

சொல்லிவிடுவது என்றுதான் சாமிதுரை தாளாளர் வீட்டுக்குக் கிளம்பினார். அந்த நல்லெண்ணம் அவருக்கு வாசல்வரை இருந்தது. உள்ளே அய்யம்பெருமாள் ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். சாமிதுரையைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"வாங்க பேராசிரியர், வாங்க! எங்க குடும்பத்துலயே சிபாரிசு இல்லாம ஒரு வேல நடந்திருக்குன்னா அது இதுதான். நான் வாயத் தொறக்கல, ஒரு வார்த்த சொல்லல. பய அவன் மூளையால முதல்ல வந்திருக்கான். இதத்தான் இவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒங்க பரீட்சைய இனிமே எல்லாப் பாடத்துக்கும் வச்சிருவோம். பிரின்சிபால் அடுத்த வருசம் ரிட்டயர் ஆறாரு, தெரியும்ல?"

சாமிதுரைக்குத் தெரியும். ஆள் கொண்டுவந்து கொடுத்த ரோஸ் மில்க்கை வாங்கிக் குடித்தார். அரியமுத்துவைக் கூப்பிட்டு ஆசீர்வாதம் செய்யச் சொன்னார்கள். பகுத்தறிவுப்படி தோளில் தட்டிக் கொடுத்து, நல்லா வரணும் தம்பி என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார். சிந்தாமணி சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிற்பாடு நடந்ததையும் இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். தலைகீழாகச் சேர்ந்த அந்த இருபது பேரும் இரண்டு வருடம் அவர் வாசித்த நோட்டை எழுதி, மனப்பாடம் செய்து, அத்தனை பேரும் தேறினார்கள். பாதிப் பேர் முதல் வகுப்பு. அரியமுத்து அதே கல்லூரியில் விரிவுரையாளர் ஆகி, அதே நோட்டை வாங்கி வாசிக்க ஆரம்பித்தான். பரீட்சையின் மகிமையே மகிமை என்று தாளாளர் விழா மேடைகளில் பேசினார். அட்டையை எந்தப் பக்கம் வைத்துத் திருத்தினாலும் அந்தக் கல்லூரியில் நடந்திருக்கக் கூடியது அதுதான். நடக்க முடியாமல் போனது திருமழபாடிக்காரி ஒருத்தியின் காரியம் மட்டுமே.

ஆவணி வந்தது. கொள்ளிடக் கரையிலிருந்து காற்று பந்தலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. வாழைமரம் கட்டி, ட்யூப் லைட் கட்டி, மைக் செட்டும் வைத்திருந்தார் செல்லக்கண்ணு. தன்னிடம் வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணம் என்று தாளாளரும் வந்திருந்தார். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் புது வாட்ச் கட்டிக்கொண்டு அரியமுத்து.

சாமிதுரைக்கு வராமல் இருந்துவிட ஆசைதான். காய்ச்சல் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தார். தாளாளர் காரில் அழைத்துப் போக வந்து நின்றுவிட்டதால் காய்ச்சல் அவருக்கு வரவில்லை.

மேடையில் மாலையை எடுத்து மாப்பிள்ளை ராசாங்கத்திடம் கொடுத்தார், இன்னொன்றைச் செங்கமலத்திடம் கொடுத்தார். அப்போது போட்டோ எடுப்பவனின் ஃபிளாஷ் மக்கர் பண்ணியது. கொஞ்சம் அப்படியே நில்லுங்க, யாரும் அசையாதீங்க என்று அவன் காமிராவைத் தட்டத் தொடங்கினான். கீழே மேளக்காரர்கள் பாட்டுக்கு முழக்கிக்கொண்டிருந்தார்கள். மாலையைப் பிடித்த கையோடு செங்கமலம் தலையைத் தூக்காமல் பேசினாள்.

"எண்பத்தெட்டு சார். அன்னிக்கு நானும் எதிர்ல நின்னு எண்ணுனேன்."

சாமிதுரை போட்டோ எடுப்பவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீட்டெல்லாம் இப்பக் கேக்கல சார். அடுத்த வருசம் படிக்க வைக்கிறேன்னு இந்த மாமா சொல்லுது. அப்பாதான் விட மாட்டேங்கறாரு. பத்தொம்பது மார்க்கு வாங்குனவளுக்கு எதுக்குப் படிப்புன்னு கேக்கறாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்க மைக்குல ஒரே ஒரு வாட்டி சொல்லிருங்க. எண்பத்தெட்டு. எங்கப்பா காதுல வுழணும். அது போதும்."

பக்கத்தில் நின்ற ராசாங்கம் ஆமாம் என்று தலையசைத்தான். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிற பையன். நகக்கண்ணில் கிரீஸ் போகாமல் இருந்தது. அவன் முகத்தில் இருந்த மரியாதையைச் சாமிதுரையால் பார்க்க முடியவில்லை. ஃபிளாஷ் வேலை செய்தது. தாலியை எடுத்துக் கொடுத்தார், ராசாங்கம் கட்டினான். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள்.

அவர் பெண்கல்வியைப் பற்றிப் பேசினார். கல்யாணங்களில் எப்போதும் அதைத்தான் பேசுவார், வேறு எதுவும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது என்றார். கைதட்டினார்கள். பெண்ணைப் படிக்க வைக்காதவன் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான் என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். செல்லக்கண்ணுவும் தட்டினார். அப்புறம் சாமிதுரை கொஞ்சம் நிறுத்தினார்.

"இங்கே அமர்ந்திருக்கும் மணமகள் செங்கமலம், என்னிடம் ஒரு தேர்வு எழுதியவர்" என்றார்.

செங்கமலம் சட்டென்று தலையைத் தூக்கினாள். மேளக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் சாமிதுரை அந்த வாக்கியத்தை ஆரம்பித்தார், அதை நம்பலாம். எண்பத்தெட்டு என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே முன்வரிசையில் தாளாளர், இந்தப் பரீட்சையைத்தான் சொல்கிறார் என்று பக்கத்திலிருப்பவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அரியமுத்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்தத் தேர்விலே அவர் வெற்றி பெறவில்லை" என்றார் சாமிதுரை. "ஆனால் வாழ்க்கை என்னும் தேர்விலே நூற்றுக்கு நூறு பெறுவார், பெறுவார் என்று வாழ்த்தி அமர்கிறேன்!"

பந்தலே அதிர்ந்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள். செல்லக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பட்டுத் துண்டோடு மேடையேறி வந்து, அவர் தோளில் போர்த்தி, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அன்னிக்கி மட்டும் நீங்க தாட்சண்யம் பாத்து மார்க்குப் போட்டிருந்தீங்கன்னா இது தலையில இன்னும் கனம் ஏறியிருக்கும் சார். உள்ளத உள்ளபடி சொன்னீங்க, இன்னிக்கி எம்பொண்ணு வாழ்க்க நேரா நடக்குது" என்றார். மகளைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, பாத்துக்கிட்டே நிக்கற? சார் கால்ல வுழு."

"அதெல்லாம் கூடாதுங்க, நமக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்று சாமிதுரை அவசரமாகப் பின்வாங்கினார்.

"இவரு கால்ல நான் வுழ மாட்டேன்ப்பா" என்றாள் செங்கமலம். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை, பந்தல் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், பகுத்தறிவுப் பேராசிரியருக்கு ஏற்ற மணப்பெண் என்று தாளாளர் கைதட்டினார். செல்லக்கண்ணுவும் பெருமையாகச் சிரித்தார். சிரிக்காமல் நின்றவர்கள் மேடையில் மூன்று பேர்தான். அவர்களில் ஒருவர் தோளில் கிடந்த பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டே, சாப்பாட்டுப் பந்தல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.